செல்லி மொபைல்ஸ் நூற்றுப் பத்தொன்பது

கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் இருக்கிறது செல்லி மொபைல்ஸ். அதன் கண்ணாடிக் கதவில் நவநீதன் ஒரு தாளை ஒட்டியிருந்தான். ‘இலவச டைமண்ட் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. லிங்க் வந்தால் தொடாதே. ஓடிபியைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே’ என்று சிவப்பு மார்க்கரில் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. ஒட்டிய முதல் நாளே ஒருவர் உள்ளே வந்து, “அண்ணா, இலவச டைமண்ட்னு போட்டிருக்கீங்களே, எப்பத்துல இருந்து குடுக்கறீங்க?” என்று கேட்டார். டைமண்ட் என்பது போன் விளையாட்டுக்குள் செலவழிக்கிற காசு. கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். நவநீதன் அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருப்பான். படிக்கிற நாலு பேராவது பிழைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தான்.

நாற்பத்தொரு வயதில் நவநீதனுக்கு இருந்த சொத்து இரண்டு. ஒன்று, அம்மா பெயரில் வைத்த இந்தக் கடை. இன்னொன்று, கோபம். ஓசூர் கம்பெனியில் எட்டு வருடம் போன் உதிரிபாகங்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவன். டிஸ்ப்ளே மாற்ற வந்தாலும் திட்டுவான், சார்ஜர் வாங்க வந்தாலும் திட்டுவான். ஆனால் திட்டிக்கொண்டே வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடுவான். “அவன் வாய் அப்படித்தான், கை சுத்தம்” என்பது ஊரில் அவனுக்குக் கிடைத்திருந்த நற்சான்று. அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் முதல் பாதியை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

மெயில் ஐடி விஷயத்தில்தான் அவன் பொறுமை முதலில் செத்தது. புதுப் போன் வாங்கினால் மெயில் ஐடி வேண்டும். “பாஸ்வேர்டு என்ன போடட்டும்?” என்று கேட்டால், “நீங்களே எதையாச்சும் போட்டு வுடுங்கண்ணா” என்பார்கள். விடாமல் கேட்டால் மாட்டின் பெயர், மகளின் பெயர் என்று எதையாவது சொல்லிவைப்பார்கள். சாலையைத் தாண்டிப் பேருந்தில் ஏறுவதற்குள் அது மறந்துவிடும். அடுத்த வாரம் போன் பூட்டிக்கொண்டது என்று வந்து நிற்பார்கள். சரி, அவரவர் பெயரிலாவது ஐடி போடலாம் என்றால், அந்தப் பெயரை யாரோ முன்பே எடுத்துவிட்டதாகத் திரை சொல்லும்.

இரண்டு வருடம் இதோடு மாரடித்துவிட்டு நவநீதன் ஒரு வழி கண்டுபிடித்தான். கடையின் பெயரையே ஐடியாக்கி, பின்னால் வரிசை எண் போட்டான். செல்லி மொபைல்ஸ் ஒன்று, செல்லி மொபைல்ஸ் இரண்டு, இப்படியே போயிற்று. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்து பூட்டிக்கொண்டால் திறப்பதற்கான கோட் வர வேண்டிய நம்பராகத் தன் நம்பரையே கொடுத்தான். யாருக்கு எந்த எண் என்பதை நீல அட்டை நோட்டில் எழுதிவைத்தான். போன மாதக் கணக்குக்கு அது நானூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. ஊர் அதை உபகாரம் என்று நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

இதில் ஒரே ஒரு தொல்லை. ‘உங்கள் கணக்கில் புதிதாக யாரோ நுழைந்திருக்கிறார்கள், அது நீங்கள்தானா?’ என்று நாளுக்கு நாலு செய்தி அவன் போனுக்கு வரும். எவனாவது புதுப் போன் வாங்கியிருப்பான் என்று படிக்காமலே தள்ளிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்ததும் மதியழகன் வந்தான். ஜேசிபி ஓட்டுகிறவன். முப்பத்துநாலு வயது ஆள், முகம் செத்துப் போயிருந்தது.

“அண்ணா, ஐடி போச்சுங்கண்ணா.”

“எந்த ஐடி?”

“கேம் ஐடிங்க. அந்தத் துப்பாக்கி கேம்.”

“என்ன பண்ணித் தொலச்சே?”

“நான் ஒண்ணும் பண்ணலீங்க. கேம்காரங்களே மெசேஜ் போட்டாங்க. மூணு வருசமா ஆடறீங்க, உங்களுக்கு அஞ்சாயிரம் டைமண்ட் பரிசுன்னு. லிங்க்கத் தொட்டேன். அதே படம், அதே மியூசிக். மெயிலும் பாஸ்வேர்டும் கேட்டுச்சு, போட்டேன்.”

பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரியும் என்று நவநீதன் யோசித்தான். போன மாதம் நவநீதனே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தான்.

“வாசல்ல ஒட்டியிருக்கறத நீ படிக்கல?”

“படிச்சங்கண்ணா. அது ஏமாத்தறவங்களப் பத்திங்க. இவங்க கேம்காரங்களாச்சே!”

நவநீதன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். வைக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. “ஏன்டா, கேம்காரன் குடுக்கறதா இருந்தா கேமுக்குள்ளயே குடுத்துட்டுப் போறான். உன்ன வெளிய வேற பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போயி எதுக்குப் பாஸ்வேர்டு கேக்கறான்? உன் வூட்டுக்குள்ள நீ போறதுக்கு எவனோ சாவி கேட்டா குடுப்பியா?”

மதியழகனுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. திருப்பூரில் இருக்கும் மச்சானும், ஓசூரில் இருக்கும் இரண்டு பழைய கூட்டாளிகளும் சாயங்காலமானால் அந்த விளையாட்டில்தான் அவனோடு சேருவார்கள். சுடுவது பாதி, பேசுவது பாதி. நவநீதன் திட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் போராடினான். மெயிலைத் திரும்பப் பிடித்தான். விளையாட்டுக் கணக்கு போனது போனதுதான். சைபர் கிரைமில் புகார் பதிந்துகொடுத்து, “போ, போயி பள்ளம் தோண்டு. நீயே வுழுந்துராத” என்று அனுப்பினான். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் திட்டினான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பிளசி வந்தாள். உள்ளூர்க்காரர் சவரிமுத்துவின் மகள், நர்சிங் முடித்தவள். தர்மபுரியில் ஒரு சின்ன கிளினிக்கில் இரண்டு வருடமாகக் குறைந்த சம்பளத்துக்கு நிற்கிறாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்காணல் முடித்து, வேலை உறுதி என்று போனில் சொல்லியிருந்தார்கள். கடிதம் மெயிலில் வரும், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அந்த மெயிலிலிருந்தே சம்மதம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். இப்போது மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்கிறது.

“நீயும் கேம் ஆடறியா?” என்றான் நவநீதன், எடுத்த எடுப்பிலேயே.

“எனக்கு எங்கண்ணா அதுக்கெல்லாம் நேரம்?”

“ஏதாச்சும் லிங்க்கத் தொட்டியா? யாருக்காச்சும் பாஸ்வேர்டு சொன்னியா?”

“இல்லீங்கண்ணா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. வர்றவங்க எல்லாரும் மொதல்ல இல்லீங்க இல்லீங்கன்னுதான் சொல்றாங்க. படிச்ச புள்ள நீ. ஊசி போடத் தெரியுது, இது தெரிய மாட்டேங்குது? கடை வாசல்ல என் கையி வலிக்க எழுதி ஒட்டியிருக்கேன்...”

பத்து நிமிடம் விடாமல் பொரிந்து தள்ளினான். பிளசி கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“அண்ணா, அந்தப் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் போட்டுக் குடுத்தீங்க. எனக்கே தெரியாதத நான் எப்படிங்க இன்னொருத்தங்களுக்குச் சொல்லுவேன்?”

நவநீதன் நீல நோட்டை எடுத்து அவள் பெயரைத் தேடினான். நூற்றுப் பத்தொன்பது. அதற்கு நேர் மேலே, அவன் கையெழுத்திலேயே, நூற்றுப் பதினெட்டு, மதியழகன்.

நவநீதன் தன் போனை எடுத்து, மூன்று நாளாகத் தள்ளிவிட்ட செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நூற்றுப் பதினேழில் புதிதாக யாரோ, நூற்றுப் பத்தொன்பதில் புதிதாக யாரோ, நூற்றிருபதில், நூற்றிருபத்தொன்றில். திருடனுக்கு மதியழகனிடமிருந்து கிடைத்தது ஒரு எண்ணும் ஒரு பாஸ்வேர்டும்தான். அடுத்த எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறான், திறந்திருக்கிறது. எந்தக் கணக்கில் விளையாட்டு இருக்கிறது என்று தேடிக்கொண்டு, தெருவில் வரிசையாக வீடு புகுகிறவனைப் போல மேலும் கீழும் போயிருக்கிறான். ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்திருக்கிறது. அந்த மணியை எரிச்சலோடு நிறுத்திக்கொண்டே இருந்தவன் நவநீதன்தான்.

“உன் மேல தப்பு இல்ல பிளசி,” என்றான். “என் மேல.” இப்படி ஒரு வாக்கியத்தை அந்தக் கடை அதற்குமுன் கேட்டதில்லை.

மெயிலை மீட்பது லேசில் முடியவில்லை. முதல் கோட் ஏறவில்லை. பிறகு முயலவும் என்றது. ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் அதே பாட்டு. பிளசி ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தையாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. நாலரை மணிக்கு மெயில் திறந்தது. ஆஸ்பத்திரிக் கடிதம் உள்ளே இருந்தது. யாரோ முன்பே பாஸ்வேர்டை மாற்றி, கடிதத்தைத் திறந்து படித்துவிட்டு, பயனில்லை என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிளசி சம்மதம் அனுப்பினாள். கிடைத்தது என்று பதில் வரும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.

“இப்ப புதுப் பாஸ்வேர்டு போடணும்,” என்று நவநீதன் பழக்கத்தில் விசைப்பலகையை இழுத்தான்.

“குடுங்கண்ணா, நானே போட்டுக்கறேன். நீங்க அந்தாண்ட திரும்பிக்கோங்க.”

திரும்பிக்கொண்டான். எதிரே போன் உறைகள் தொங்கும் சுவர். பதினாலு வருடத்தில் அந்தச் சுவரை அவன் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே நவநீதனும் அவன் மனைவி சசிகலாவும் நோட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எல்லோரையும் போனில் கூப்பிட்டார்கள். “செல்லி மொபைல்ஸ்ல இருந்து பேசறங்க, உங்க மெயில்ல திருடன் பூந்திருக்கான், உடனே பாஸ்வேர்டு மாத்தணும், ஒரு கோட்...” என்று தொடங்கினால் போதும், எதிர்முனை அணைந்துவிடும். சிலர் அணைக்குமுன் நல்ல வார்த்தையாக நாலு சொன்னார்கள். ஊரே ஒரே நாளில் உஷாராகிவிட்டதைக் கண்டு நவநீதன் தலையில் அடித்துக்கொண்டான். இத்தனை வருடமாக எவன் காதிலும் ஏறாதது, ஏறவே கூடாத நேரத்தில் ஏறித் தொலைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தீர்த்தம்மாள் கடைக்கு வந்தாள். வெற்றிலை மண்டிக்காரி. ஓய்ந்த நேரத்தில் போனில் தாயம் உருட்டுகிறவள். முகமெல்லாம் பெருமை.

“நவநீதா, நேத்து எவனோ திருட்டுப் பய உன் பேரச் சொல்லிப் போன் பண்ணான். கொரலு கூட அச்சு அசலா உன்னாட்டமே. நான் வுடுவனா? அவன் பரம்பரையையே இழுத்துட்டேன். நீ எழுதி ஒட்டியிருக்கறியே, நானே கேட்டாலும் சொல்லாதன்னு, அதச் சொல்லித்தான் திட்டினேன்.”

“அது நான்தாங்கக்கா.”

தீர்த்தம்மாளுக்குப் புரியவில்லை. நவநீதன் நோட்டை விரித்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப இத்தன வருசமா எங்க நானூறு வூட்டுச் சாவியும் உன் ஒருத்தன் கையிலதான் இருந்துச்சா? அதும் ஒரே சாவியா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ.”

நீங்கள்தானே எதையாவது போடச் சொன்னீர்கள் என்ற பதில் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான். அவளுடைய போனில் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்து, கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

“போடுங்கக்கா.”

“என்ன போடறது?”

“எதையாச்சும் போடுங்க. எங்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விரல் தேடித் தேடி அழுத்தும் சத்தம் கேட்டது. தீர்த்தம்மாள் அழுத்துகிற எழுத்தையெல்லாம் கடைக்கே கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

நவநீதன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.