கோட்டுக்குக் கீழே இறங்கிய சோப்புப் பெட்டிகள்

தையற்காரரின் மனைவி திருடித்தான் சோப்புக் கிடங்கு காலியாயிற்று என்கிறார்களே? அதற்கு முந்தின மாதம் கழிப்பறை வரைக்கும் சோப்புப் பெட்டி அடுக்கியிருந்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இரண்டையும் கண்ணால் பார்த்த தெருதான் இன்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறது. நடந்ததைச் சொன்னால் கேட்க ஆளில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் பதினோரு வருடமாக அந்தக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தாள். சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தாள். வாரத்துக்கு நூறு பெட்டி போகும், நூறு வரும். அடுக்கு கோட்டுக்குக் கீழே இறங்கினால், எத்தனை குறைகிறதோ அத்தனையும் வழக்கமான நூறோடு சேர்த்துக் கம்பெனிக்குச் சொல்லுவாள். சொன்ன சரக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும்.

ஒரு வாரம் புது விடுதிக்காரர் ஒருவர் முப்பது பெட்டி கூடுதலாக வாங்கிப் போனார். அவ்வளவுதான். முப்பது சேர்த்துச் சொன்னாள். மறுவாரமும் அடுக்கு ஏறவில்லை, மறுபடி முப்பது. அதற்கடுத்த வாரமும் முப்பது. பிறகு பயத்தில் அறுபது. அப்புறம் லாரி மேல் லாரியாக வந்து கொட்டியது. பெட்டிகள் மாடிப்படியில் ஏறின. மிரண்டுபோனவள் ஆறு வாரம் சரக்கே கேட்கவில்லை. கடைசியில் கடைக்காரர்கள் வெறும் தரையைப் பார்த்துவிட்டு, யாரோ திருடுகிறார்கள் என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

எங்கே தப்பு என்று புரியாமல், வீட்டில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புருஷனின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள்.

"நீங்க கடைக்காரர். ஒவ்வொரு வாட்டியும் நாலு கேளுங்க, ஒரே ஒரு வாட்டி ஆறு. பாப்பா கம்பெனி. நான் கேட்டத மூணு வாட்டி கழிச்சுதான் அவ குடுப்பா."

"சட்ட தைக்கக் கெடக்குடி. பொத்தான் வெளையாட்டுக்கு நான்தான் கெடச்சேனா?" என்றபடியே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் மடி கொள்ளாமல் பொத்தான் வழிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூட இல்லை.

"ரெண்டே ரெண்டுதானே கூடக் கேட்டேன். அதுக்கா இந்தப் பாடு?" என்றார் அவர்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லிவிட்ட சரக்கு வழியில் வந்துகொண்டிருக்குமே, அதை அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. சுவரை மட்டுமே பார்த்திருக்கிறாள். திருடன் எவனும் இல்லை, அவள் கைதான்.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதைச் சொறிந்தார்.

"பில்லெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா கடைக்காரங்களுக்கு யாரையாவது காட்டணுமே. பொத்தான் கதையெல்லாம் எவன் கேப்பான்? பெட்டி தூக்குறவர்தான் திருடினாரு, அனுப்பிட்டேன்னு சொல்லிடறேன். நீ உன் வேலையப் பாரு."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். பெட்டி தூக்குகிறவர் அப்போது வெளியே தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு மேல போடாதீங்க. சரக்கு கேட்டது நான்."

"அப்ப நீ இருக்க முடியாதும்மா."

சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டாள். பெருக்கிக்கொண்டிருந்தவர், "என்னம்மா, இவ்ளோ சீக்கிரம்?" என்று வழிவிட்டார். அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.