மாட்டீரலும் என் தலை எண்ணெயும்

ஆய்வுகூட வேலை என்றால் வெள்ளைக் கோட்டும் மூக்குக்கண்ணாடியும் என்று நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதில் முக்கால்வாசி பாத்திரம் கழுவுகிற வேலை. படித்த படிப்பு ஒன்று, வெளிநாட்டில் கிடைத்த வேலை ஒன்று என்று முழித்துக்கொண்டு நின்ற அன்பர்களே, உங்களுக்கு இது புதிதாக இராது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். எண்பதுகளின் நடுவில் அகதியாக டென்மார்க் வந்து, எஸ்பியர்க் துறைமுகத்தில் எட்டு மாதம் மீன் வெட்டினேன். பிறகு கொமூன், அதாவது இங்கத்தைய நகரசபை, என்னை ஒடென்சேயில் ஓர் ஆய்வுகூடத்துக்கு ஆறு மாதப் பழகுவேலைக்கு அனுப்பியது. ஆறு மாத முடிவில் அவர்கள் 'வேணும்' என்றால் நிரந்தர வேலை. 'வேண்டாம்' என்றால் திரும்பவும் மீன். டேனிஷ்காரர் சொன்னதை எல்லாம் என் ஊர் வாயாலேயே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாளியில் ஈரல்

எங்கள் ஆய்வுகூடம் தேடியது ஒரு புரதத்தை. அது மாட்டின் ஈரலில் நிறைய இருக்கிறது. ஆகவே கிழமைக்கு ஒருமுறை மாடறுக்கும் இடத்துக்குச் சைக்கிளில் போய், ஐஸ் போட்ட வாளியில் சுடச்சுட ஒரு முழு ஈரல் வாங்கி வருவது என் பொறுப்பு. நானோ சைவசமயத்தவன், மாட்டிறைச்சி பக்கமே போகாதவன். வெள்ளி, செவ்வாயில் முட்டைகூடத் தொடாத வீடு எங்கள் வீடு. முதல் நாள் வாளியைத் தூக்கும்போது 'சிவசிவா' என்று வாய்விட்டே சொன்னேன். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மூச்சு முட்டியதில் பாவம் புண்ணியம் எல்லாம் மறந்துபோனது.

ஆறாவது கிழமை, ஈரல் எடுத்துத் தருகிற தடித்த மனிதன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் தடியில் சீலை சுற்றின மாதிரி இருப்பேன். அவனுக்குத் தாங்க முடியவில்லை.

"வெங்காயத்தோடை பொரிச்சா நல்லாத்தான் இருக்கும், எனக்கும் தெரியும். ஆனா கிழமைக்கு ஒரு முழு ஈரல்! உம்மட வீட்டிலை எத்தனை பேர் ஐயா?"

எழும்பி நின்ற கதை

ஆய்வுகூடத்தின் தலைவர் ஹென்னிங். பேராசிரியர். பெரிய மனுசன். ஆனால் கிழிந்த கம்பளிச் சட்டையோடு வந்து கோப்பி ஊற்றிக்கொண்டு என் பக்கத்து முக்காலியில் குந்துவார். எங்களுக்கு இது பழக்கமா? அவர் கதவால் வந்தவுடன் என் கால் தானாக எழும்பிவிடும், வாய் தானாக 'சேர்' என்றுவிடும். பேர் சொல்லிக் கூப்பிடு என்று அங்கே பல வருடமாக வேலை செய்த பென்டே என்ற பெண் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டால்தானே!

ஒரு நாள் மூன்றாம் முறையும் எழும்பினேன். ஹென்னிங் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வாற நேரமெல்லாம் நீர் எழும்பி நிண்டா, என்னைப் போகச் சொல்லிற மாதிரி இருக்கு. இது என்ரை ஆய்வுகூடம், நான் கொஞ்சம் இருக்கட்டே?"

மரியதாஸ் அண்ணையின் கேள்வி

எஸ்பியர்க்கில் என்னோடு மீன் வெட்டிய மரியதாஸ் அண்ணை ஞாயிறு ஆராதனை முடிய ஒரு நாள் ரயிலேறி வந்தார். பெந்தெகோஸ்தே சபைக்காரர், தங்கமான மனுசன். 'உன்ரை இடம் அங்கை கிடக்கு தம்பி, யோசியாதை' என்பதுதான் எப்போதும் அவர் சொல்லும் முதல் வசனம். ஆறுதலுக்குத்தான் சொல்வார், எனக்கோ மீன் நாத்தம் மூக்கில் ஏறும். அன்று, 'சரி, அந்த ஈரலிலை என்னதான் தேடுறியள்?' என்று கேட்டார்.

நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். கொழுப்பு தண்ணீரில் கரையாது. உடம்பின் கலம் ஒவ்வொன்றுக்குள்ளும் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். அப்படியென்றால் கொழுப்பு எப்படி அதற்குள் நடமாடும்? அதற்கென்று ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்குவதுபோல் கொழுப்பைத் தூக்கிக்கொண்டு போய், எரிக்கிற இடத்திலோ சேமிக்கிற இடத்திலோ இறக்கிவிடும். எரித்தால் நமக்குப் பலம், சேமித்தால் வண்டி, அதாவது தொந்தி. இந்தப் போக்குவரத்துப் பிழைத்தால் ஈரலில் கொழுப்பு படியலாம், நீரிழிவு, மாரடைப்பு என்று மற்ற வருத்தங்களிலும் இதற்குப் பங்கிருக்கலாம் என்று ஹென்னிங் நினைக்கிறார். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் முதலில் அந்தப் புரதத்தைச் சுத்தமாகப் பிடித்து, அது எந்தக் கொழுப்பைத் தூக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அண்ணை பகிடி விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. சட்டைப் பைக்கு மேல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ரை அப்பு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழேக்கை அம்பத்திரண்டு. எனக்கு வாற மாசியிலை அம்பது. கெதியாப் பிடியுங்கோடா தம்பி."

கேக் வெட்டிய நாள்

புரதத்தோடு ஒட்டியிருக்கும் கொழுப்புகளைப் பிரித்துக் காட்ட எங்களிடம் ஓர் இயந்திரம் இருந்தது. நீளக் கடதாசியில் பேனாவால் மலை மலையாகக் கீறும். ஒவ்வொரு மலையும் ஒரு கொழுப்பமிலம். நான் வந்து மூன்றாம் மாதம், வழமையான மலைகளுக்கு முன்னால் புதிதாக ஒரு மலை எழும்பியது. பன்னிரண்டு காபன் அணுக்கள் கொண்ட கொழுப்பமிலம். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள், திரும்பத் திரும்ப வந்தது. மாட்டீரலில் அது கிடக்க நியாயமே இல்லை. யாரும் எதிர்பாராத கொழுப்பை இந்தப் புரதம் தூக்குகிறது என்று ஹென்னிங் துள்ளிக் குதித்தார்.

டேனிஷ்காரருக்குச் சந்தோசம் வந்தால் கேக்கும் வரும், கேக்குக்குப் பக்கத்தில் குட்டிக் கொடியும் வரும். 'சோதனைக்குழாய் கழுவினவனுக்குப் பெரிய துண்டு' என்று பென்டே எனக்கு வெட்டித் தந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நான் பறந்தேன். இனி மீனாவது மண்ணாவது! ஹென்னிங் வாய் நிறையக் கேக்கோடு அறிவித்தார்.

"வாற வெள்ளிக்கிழமை கோப்பன்ஹேகன் கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை இதைச் சொல்லப்போறன்!"

காய்ச்சல் கிழமை

கூட்டத்துக்கான கடதாசிகளைத் திகதி வாரியாக அடுக்கும் வேலை செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது. அடுக்கிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அந்தப் புது மலை எழும்பிய பிறகு ஒரேயொரு கிழமையில் மட்டும் அது இல்லை. அது நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த கிழமை! அன்று குழாய் கழுவியது பென்டே.

பன்னிரண்டு காபன். அது எதில் நிறைய இருக்கிறது என்று பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்தவனுக்குத் தெரியாதா? தேங்காய் எண்ணெயில். டென்மார்க்கில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறவன் வேறு யார்? எண்ணெய்ப் போத்தல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்த மூன்றாம் மாதம்தான். நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தடவிவிடுகிறவனும் நான்தான். தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் தூக்குவதுபோல் நாலு குழாய்க்குள் நாலு விரலை விட்டுத் தூக்கி அடுக்குகிறவனும் நான்தான்.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் என் மனைவி மலரிடம் சொன்னேன். சொன்னால் பழகுவேலை போகும், சொல்லாவிட்டால் ஹென்னிங்கின் மானம் போகும். 'பேசாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது' என்றும் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். மலர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, அந்த எண்ணெய் ஜெர்மனியிலை இருந்து நான் சொல்லி எடுப்பிச்சதெல்லே! இஞ்சரப்பா, மீன் நாத்தம் குளிச்சாப் போகும். இது போகாது. காலமை போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

போத்தல்

புதன் காலை ஹென்னிங்கின் அறைக்குப் போனேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன 'சேர்' அன்றும் வாயில் வந்துவிட்டது. காய்ச்சல் கிழமைக் கடதாசியை ஒரு பக்கமும் எண்ணெய்ப் போத்தலை மறுபக்கமும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துச் சிவந்து திரும்ப வெளுத்தது. போத்தலைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று இயந்திரத்தடிக்கு நடந்தார்.

என் எண்ணெயில் ஒரு சொட்டை ஓடவிட்டார்கள். பேனா கீறத் தொடங்கியது. பென்டே இரண்டு கடதாசிகளையும் யன்னல் கண்ணாடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பிடித்தாள். அந்தப் பன்னிரண்டு காபன் மலை அச்சொட்டாகப் பொருந்தியது. இனி என்ன, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் ஹென்னிங் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. கையுறை ஒரு சோடி எறிந்தார். குளிரறையில் மிச்சமிருந்த ஈரல் புரதத்தை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் அசற்றோனில் அலசிய குழாய்களில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று பேரும் வியாழன் பின்னேரம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. கடைசிக் கடதாசியில் என் மலை இல்லை. இத்தனை நாளும் அதற்குப் பின்னால் குழம்பிக் கிடந்த நீளமான கொழுப்பமிலங்கள் மட்டும் கண்ணாடிபோல் தெளிவாக நின்றன. புரதம் தூக்குவது இவற்றைத்தான். நாங்கள் பிடித்துவிட்டோம்! பென்டே என்னைக் கட்டிப்பிடித்து, என் தலையை மோந்து பார்த்தாள்.

"நாளைக்கு இவர் ரயிலேறிக் கப்பலேறிக் கோப்பன்ஹேகன் போய்ச் சொல்லப்போறது உண்மை. இனி நீர் தலையைத் தடவினா கையை வெட்டுவன்."

கொமூன்காரி வந்தாள்

ஆறாவது மாதக் கடைசியில் கொமூனிலிருந்து ஒரு பெண் கோப்போடு வந்து ஹென்னிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்துக் கதிரையில், நெஞ்சு பிறேக் இல்லாத சைக்கிள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்துக்கு வந்தாரா, வந்தார். மொழி விளங்குமா, விளங்கும். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு, 'வேலையில் ஏதும் பிழை விட்டவரா?' என்று கேட்டாள்.

'ஓம். மிகப் பெரிய பிழை' என்றார் ஹென்னிங். எனக்கு எஸ்பியர்க் துறைமுகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் பேனையை வாங்கி, நிரந்தர வேலைப் படிவத்தில் கொட்டை எழுத்தில் கையெழுத்து வைத்து, அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"அந்தப் பிழையை எங்களிலை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை, இவர்தான் கண்டுபிடிச்சவர். இல்லாட்டி நான் கோப்பன்ஹேகனிலை மண்டபம் நிறைஞ்ச ஆக்களுக்கு முன்னாலை இவரின்ரை தலைமயிரைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசியிருப்பன். இவரைத் திருப்பித் தர ஏலாது."

ஆக அன்பர்களே, விஞ்ஞானத்துக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. நான் கொடுத்தது தலைக்கு வைக்கும் எண்ணெயை மட்டும்தான், அதுவும் சனி, ஞாயிறு நீங்கலாக.