முழிச்சுக்கிட்டே தூங்கின டிரைவர்

கம்பெனி கேப் ஓட்டுறவனுக்கு இடுப்பு போகலாம், முட்டி தேயலாம், ஆனா மூஞ்சி மட்டும் தூங்குமூஞ்சியா இருக்கக் கூடாது. ஸ்டீரிங்கே கதின்னு கிடக்குற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. எலெக்ட்ரானிக் சிட்டி ஐ.டி. கம்பெனி ஆளுங்களை ஏத்தி இறக்குறது என் பொழப்பு. நாப்பது தாண்டினதுலேருந்தே என் மேல் இமை ரெண்டும் ஷட்டர் பாதி இறக்கின கடை மாதிரி தொங்க ஆரம்பிச்சுது. உள்ள நான் நல்லாத்தான் முழிச்சிருப்பேன். வெளிய இருந்து பாக்குறவங்கதான் நம்ப மாட்டாங்க.

கேப்ல கச்சேரி

புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு பொண்ணு, காலையில முதல் ஆளா ஏறினா. கண்ணாடியில என் கண்ணைப் பாத்ததும் முதுகை நிமித்தி உக்காந்துட்டா. சில்க் போர்டு சிக்னல் வர்றதுக்குள்ள எனக்கு சூயிங்கம் குடுத்து, சொந்த ஊர் கேட்டு, பசங்க என்ன படிக்கிறாங்கன்னு கேட்டு, எதிர்ல வர்ற லாரி நம்பரையெல்லாம் சத்தமா படிச்சுக் காட்டிட்டா. நானும், சரி, கலகலப்பான புள்ளைன்னு நினைச்சுட்டு பதில் சொல்லிக்கிட்டே வந்தேன்.

மேம்பாலம் ஏறினதும் பாட ஆரம்பிச்சா. சுமாராத்தான் பாடினா, ஆனா நிறுத்தவே இல்ல. இறங்குற இடத்துல, "நீங்க தூங்கிடாம இருக்கத்தான் அண்ணா பாடினேன்"னு சொன்னா. அப்பத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. "நான் தூங்கலம்மா, என் கண்ணே இப்படித்தான்"னேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே அவ சொன்னது:

"இதை சில்க் போர்டுலயே சொல்லியிருந்தா என் தொண்டை மிஞ்சியிருக்கும்ணா."

கேமராவுக்கும் சந்தேகம்

மனுஷங்களையாவது பேசிச் சமாளிச்சுடலாம். டேஷ்போர்டுல ஒரு கேமராவை மாட்டினாங்க பாருங்க, அன்னைக்குப் பிடிச்சுது சனி. டிரைவர் கண்ணு மூடினா அது கூவும், ஆபீசுக்கும் தகவல் போயிடும். என் மூஞ்சியைப் பாத்ததும் கூவ ஆரம்பிச்சதுதான், நிறுத்தல. உடனே டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் மஞ்சுநாத் சாரோட போன் வரும். "மல்க்கொண்ட்ரா தாஸ்?" தூங்கிட்டீங்களான்னு கன்னடத்துல கேக்குறார். "இல்லா சார்"னு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல அது மறுபடியும் கூவும்.

புருவத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு ஓட்டிப் பாத்தேன். நெத்தி விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. கேமரா கொஞ்சம் அடங்கிச்சுதான். ஆனா பின் சீட்டுல இருந்தவர், 'டிரைவர் கண்ணாடி வழியா என்னை முறைக்கிறார்'னு எழுதிப் போட்டுட்டார். இப்படியே போனா இந்த மாசக் கடைசியில வண்டியை விட்டு இறக்கிடுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த வேலையை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது. மஞ்சுநாத் சார் நல்ல மனுஷன்தான், அவரும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டுச் சொன்னார்:

"மூடுனாலும் கம்ப்ளெய்ன்ட், திறந்தாலும் கம்ப்ளெய்ன்ட். நான் மேல என்ன தாஸ் எழுதிக் கொடுக்கட்டும்?"

அளவு எடுக்காத டெய்லர்

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா, ஹெப்பகோடியில ஒரு கார்மெண்ட்ஸ்ல செக்கிங் வேலை பாக்குறா. தையல்ல குறை கண்டுபிடிக்கிறதுக்கே சம்பளம் வாங்குறவ. என் இமையை ரெண்டு விரலால தூக்கிப் பாத்துட்டு, "துணி ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் வெட்டித் தைக்கணும், அவ்ளோதான்"னா. டாக்டருங்களும் அதைத்தான் செய்றாங்கன்னு விசாரிச்சதும் தெரிஞ்சுது. ஆனா எந்த டாக்டர்கிட்ட போறது? என் வண்டியில வர்றவங்க ஆளுக்கு ஒரு பேரு சொன்னாங்க. அதுல எல்லாரும் அடிச்சுச் சொன்ன கிளினிக்குக்கு முதல்ல போனோம்.

போனா, கண்ணாடிக் கட்டடம், உள்ள ஜில்லுனு ஏசி, குடிக்க வெள்ளரிக்காய் போட்ட தண்ணி. ஒரு பொண்ணு என்னைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல இமையைத் தூக்கி, கூடவே தாடையையும் கூராக்கிக் காட்டினா. பொய் சொல்லக் கூடாது, ஆளு அம்சமாத்தான் இருந்தான். நான் வாயைப் பிளந்துட்டேன், எங்க கையெழுத்துப் போடணும்னு கேக்காத குறை. ஸ்டெல்லாதான், "டாக்டர் எப்பம்மா வருவார்?"னு கேட்டா. "ஆபரேஷன் அன்னைக்குப் பாக்கலாம் மேடம், அவர் ரொம்ப பிஸி"ன்னு பதில் வந்துது. ஸ்டெல்லா என் கையைப் பிடிச்சு எழுப்பி, வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னா:

"ஆளைப் பாக்காம, அளவு எடுக்காம ஜாக்கெட் வெட்டுற டெய்லரை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

மூடின கண்ணு போட்டோ

ரெண்டாவதா போனது ஒரு கண் ஆஸ்பத்திரி. இமை வேலை மட்டுமே செய்யுற ஒரு லேடி டாக்டர், கன்னடம் கலந்த தமிழ்ல பேசினாங்க. பிபி மாத்திரை உண்டா, ரத்தம் உறையாம இருக்க ஏதாவது சாப்பிடுறீங்களா, கண்ணு எரியுதா, காயுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு மிஷின் முன்னாடி உக்கார வச்சு, சுத்தி மினுக்குற வெளிச்சம் எதெது தெரியுதுன்னு சொல்லச் சொன்னாங்க. அப்புறம் இமையைத் தூக்கி டேப் ஒட்டிட்டு அதையே மறுபடி பண்ணச் சொன்னாங்க. டேப் ஒட்டினதும் மேல் பக்கம் பளிச்சுனு தெரிஞ்சுது பாருங்க, எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. இத்தனை நாளா பாதி ரோட்டைப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அவங்க முன்னாடி ஆபரேஷன் செஞ்சவங்க போட்டோவைக் காட்டினாங்க. ஸ்டெல்லா ஒவ்வொண்ணா தையலை உத்துப் பாத்தா. ஒவ்வொருத்தருக்கும் கண்ணைத் திறந்து ஒண்ணு, மூடி ஒண்ணு. "மூடினது எதுக்கு டாக்டர்?"னு கேட்டா. "ஜாஸ்தி கட் பண்ணிட்டா கண்ணு சரியா மூடாதும்மா. மூடாத கண்ணு காஞ்சுபோகும், அப்புறம் பார்வைக்கே ஆபத்து. அதனால நான் கொஞ்சம் கம்மியாத்தான் எடுப்பேன். ஹீரோ மாதிரி வராது"ன்னாங்க. கேமரா கூவாம இருக்குமான்னு நான் கேட்டதுக்கு, "அதுக்கு நான் கேரண்டி கொடுக்க முடியாது"ன்னு சிரிச்சாங்க. எனக்கு முகம் தொங்கிப்போச்சு. ஸ்டெல்லா மட்டும் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துட்டு என் காதுல சொன்னா:

"கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி பயப்படுறாங்க பாரு, இவங்கதான் நமக்கு."

யாரு அடிச்சா?

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு கண்ணும் கத்திரிக்காய் நிறத்துல வீங்கிக் கிடந்துது. வலி அவ்வளவா இல்ல, தெருவுலதான் தலைகாட்ட முடியல. பால் வாங்கப் போனா கடைக்காரர், "எந்த ஆட்டோக்காரன்கிட்ட வம்பு?"ங்குறார். ஸ்டெல்லா ஐஸ் ஒத்தடத்தைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. அதைப் பாத்த மாடி வீட்டு அக்கா என்னையும் பாத்து, அவளையும் பாத்து, ரொம்ப இரக்கமாச் சொன்னது:

"ஆயிரம் இருந்தாலும் மூஞ்சியில அடிச்சிருக்கக் கூடாது ஸ்டெல்லா."

கடைசிப் பரிட்சை

வீக்கம் வத்தி, ஓட்டலாம்னு டாக்டர் சொன்னப்புறம் டிப்போவுக்குப் போனேன். மஞ்சுநாத் சாரே பக்கத்துல ஏறி உக்காந்தார். "ஒரு ரவுண்ட் போலாம் தாஸ். கேமரா சும்மா இருந்தா வண்டி உங்களுக்கு. இல்லன்னா என் கையில எதுவும் இல்ல"ன்னார். மேம்பாலத்துல ஏறினேன். தலையைத் தூக்காமயே மேல தொங்குற ஊர்ப் பேர் போர்டு தெரியுது, அதுக்கு மேல வானமும் தெரியுது. சந்தோஷத்துல கத்தணும்னு இருந்துச்சு, பயத்துல மூச்சு கூட விடல. கேமரா கம்முன்னு இருந்துது. போய்த் திரும்பி வந்தாச்சு, ஒரு சத்தம் இல்ல.

அதுவே வினையாப் போச்சு. வண்டியை நிறுத்தினதும் அவருக்குச் சந்தேகம். கேமராவைத் தட்டிப் பாத்தார், வயரை ஆட்டிப் பாத்தார். "இது ரிப்பேரா இருக்கும் தாஸ். எங்க, கண்ணை மூடுங்க"ன்னார். மூடினேன். இமை ரெண்டும் அழகா வந்து சேர்ந்து மூடிச்சு. அடுத்த நிமிஷம் கேமரா ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி கூவிச்சு. அந்தச் சத்தம் கேட்டு என்னைக்காவது ஒருத்தன் சந்தோஷத்துல அழுதிருக்கானா? நான் அழுதேன். மஞ்சுநாத் சார் என் முதுகுல தட்டிட்டு இறங்கினார்:

"கேமராவும் சரியா இருக்கு, நீங்களும் சரியா இருக்கீங்க. நாளைக்கு மார்னிங் ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க."

ஆக, நான் முழிச்சுத்தான் இருக்கேன்னு நிரூபிக்க, ஒரு மேலதிகாரி முன்னாடி கண்ணை மூடிக் காட்டிச் சம்பளம் வாங்குற உத்தியோகம் நம்ம உத்தியோகம் ஒண்ணுதான்.