வேறொரு கட்டடத்தைச் சுற்றி ஜெபித்தோம்

சென்ற ஆண்டு மே மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. எனக்கு மூன்று நாட்கள்தான் மிச்சமிருந்தன. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள், ஏதாவது ஒரு ஹொட்டல் கையெழுத்திட்ட பயிற்சி ஒப்பந்தத்தை நான் கல்லூரியில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் மூன்றாம் தவணைக்குப் போகமுடியாது. இரண்டு வருடப் படிப்பு பாதியில் நின்றுவிடும். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. இன்னொரு முறை தொடங்குவதற்கான துணிவு என்னிடம் இருக்கவில்லை.

நான் படித்தது விருந்தோம்பல் முகாமைத்துவம். ஹொட்டல்கள், மாநாட்டு விடுதிகள், உணவகங்கள் போன்ற இடங்களில் பொறுப்பான வேலைகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் படிப்பு. வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். என்னைத் தவிர மற்ற எல்லோரும் என் மகள் ஷாரனைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர்கள். முதல் வாரமே எனக்குக் குழப்பம். விருந்தினருக்கு இடைவெளி கொடுங்கள், கேட்டபின் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று ஆசிரியை சொன்னார். வீட்டுக்கு வருபவரிடம் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்பதே குறை என்று வளர்ந்தவள் நான். கேட்காமல் கொண்டுவந்து வைக்கவேண்டும். ஒத்திகை வகுப்பில் விருந்தினராக நடித்த மாணவனின் முன்னால் மூன்று முறை கோப்பியை வைத்தேன். அவன் மூன்று முறையும் தள்ளிவைத்தான். எனக்குக் கிடைத்த புள்ளி குறைவு.

ஆனாலும் படிப்பு பிடிபட்டது. பயிற்சி இடம்தான் கிடைக்கவில்லை. ஆறு ஹொட்டல்களுக்கு விண்ணப்பித்தேன். ஐந்து மறுத்தன. ஐந்து கடிதங்களிலும் ஏறக்குறைய ஒரே வசனம்: இந்தத் துறையில் உங்களுக்கு முன்னனுபவம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு முன்னனுபவம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்தபின் பதினொரு வருடம் ஹொட்டல் அறைகளைச் சுத்தம் செய்திருக்கிறேன். தோள்மூட்டு வலி வந்து கையைத் தூக்கமுடியாமற்போனபோதுதான் அதை விட்டுப் படிக்கப் போனேன். அந்தப் பதினொரு வருடத்தை நான் விண்ணப்பத்தில் எழுதவில்லை. கலியாணத்துக்கு முன் மட்டக்களப்பில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலைசெய்ததை மட்டும் எழுதினேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதும் "ஹொட்டல்ல வேலை" என்றுதான் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் வரவேற்பு மேசையை நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

ஆறாவது ஹொட்டல், டேனிஷ் நகரமான வைலேயின் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து பதில் வரவில்லை. அந்த நாட்களில் என் ஜெபத்தில் ஒழுங்கு இருக்கவில்லை. "ஆண்டவரே, இந்தப் படிப்பு உம்முடைய விருப்பமா என்னுடைய ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே கேட்கிறேன்." அதற்குமேல் வார்த்தை வராது. அழுகையும் வராது. சமையலறையில் சும்மா நிற்பேன்.

எங்கள் ஜெபக்குழு வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊரான பிரெடெரிசியாவில் வயலற் அக்காவின் வீட்டில் கூடும். அக்கா முப்பது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவர். எங்கள் எல்லோரையும்விட நன்றாக டேனிஷ் பேசுவார். முந்திய வெள்ளிக்கிழமை என் நிலைமையைக் கேட்டவுடன் அவர் யோசிக்கவேயில்லை.

"எரிகோ நடை போவம்," என்றார்.

பைபிளில் எரிகோ நகரைச் சுற்றி நடந்து அதன் மதிலை விழுத்திய கதைபோல, வேண்டுதலுக்குரிய இடத்தை ஏழு தரம் சுற்றி நடப்பதைத்தான் எங்கள் குழு அப்படிச் சொல்லும். காலையிலிருந்து உபவாசம். நடக்கும்போது ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. ஏழாவது சுற்று முடிந்ததும் சத்தமாக ஜெபிக்கவேண்டும்.

பஸ் ஓட்டுநரான அமலன் அண்ணை தலையைச் சொறிந்தார். "அக்கா, போனமுறை நாங்கள் எனக்காகச் சுத்தின வீட்டை வேற ஆளெல்லோ வாங்கினது."

"அது உனக்கு வேண்டாத வீடு. இப்ப அந்தாள் ஒழுகிற கூரையைத் திருத்த ஆள் தேடித் திரியிறான். நீ செவ்வாய்க்கிழமை காரைக் கொண்டு வா."

செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்கு மூவரும் புறப்பட்டோம். முன்னிருக்கையில் இருந்து வழி சொன்னவள் நான். அந்த ஹொட்டலின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு வாகனத் தரிப்பிடம் நேராகத் தெரியும். என் விண்ணப்பத்தில் என் படம் இருந்தது. நாங்கள் மூவரும் வாய்பேசாமல் அந்தக் கண்ணாடியை ஏழு தரம் கடந்துபோவதை நினைத்துப் பார்த்தேன்.

"இதால திரும்புங்கோ அண்ணை," என்றேன். அது இரண்டு தெரு முந்திய திருப்பம்.

அங்கே மஞ்சள் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. முன்னால் மூன்று கொடிக்கம்பங்கள். அது ஹொட்டல் அல்ல என்று எனக்குத் தெரியும். நிறுவனங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிவந்து இரண்டு மூன்று நாள் தங்கவைத்து வகுப்பு நடத்தும் பயிற்சி விடுதி. பஸ்சில் போகும்போது பலமுறை பார்த்திருக்கிறேன்.

"இதுதானே புள்ள?" என்று வயலற் அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா."

அமலன் அண்ணை பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். "ஹொட்டல் எண்டு ஒரு இடமும் எழுதேல்லையே தங்கச்சி."

"இது பின்பக்கம் அண்ணை."

ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பொய்கள். அதுவும் ஜெபத்துக்கு முன்னால்.

நடக்கத் தொடங்கினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். முன்கதவு, சைக்கிள் நிறுத்துமிடம், சமையலறையின் குப்பைத் தொட்டிகள், பிறகு பெரிய யன்னல்கள் வைத்த ஒரு மண்டபம். உள்ளே இருபது பேரளவில் வகுப்பில் இருந்தார்கள். முதலாம் சுற்றில் இரண்டுபேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் சுற்றில் எல்லோரும் பார்த்தார்கள். நான்காம் சுற்றில் ஒருவர் கையசைத்தார். அமலன் அண்ணை பதிலுக்குக் கையசைத்தார். கையசைப்பது பேச்சல்ல என்று பிறகு வாதாடினார்.

நான் ஜெபிக்கவில்லை. சுற்றுகளை எண்ணினேன். அவ்வளவுதான்.

ஐந்தாம் சுற்றில் முன்கதவு திறந்தது. சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், அறுபது வயதிருக்கும், வெளியே வந்தார். பெயர் இங்கர் என்று பிறகு அறிந்தோம். விடுதியின் பொறுப்பாளர்.

"யாரையாவது தேடுகிறீர்களா?" என்று டேனிஷில் கேட்டார்.

நடந்தோம். அவரும் எங்களோடு நடந்தார்.

"வழி தவறிவிட்டதா? யாருக்காவது சுகமில்லையா?"

வயலற் அக்கா என்னைப் பார்த்தார். நாடியால் ஒரு அசைவு. வேண்டுதல் உன்னுடையது, நீ மட்டும் சொல்லு என்று அர்த்தம்.

"நாங்கள் ஜெபிக்கிறோம்," என்றேன். "எனக்கு ஒரு பயிற்சி இடம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்."

"இங்கேயா? உங்களிடமிருந்து விண்ணப்பம் ஒன்றும் வரவில்லையே."

"இங்கே இல்லை. துறைமுகத்து ஹொட்டலில்."

இங்கர் நின்றுவிட்டார். பிறகு ஓடிவந்து எங்களைப் பிடித்தார். "ஹொட்டல் அந்தப் பக்கம். இரண்டு தெரு தள்ளி."

"தெரியும்," என்றேன். "அவர்கள் என்னைப் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கமாக இருந்தது."

வயலற் அக்காவுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அவருடைய காது சிவந்ததைக் கண்டேன். ஆனால் வாய் திறக்க விதி விடாது. இன்னும் இரண்டு சுற்று இருந்தது. ஆறாவது சுற்றில் அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். நடையின் வேகம் கூடியது. அமலன் அண்ணை மூச்சுவாங்கப் பின்னால் வந்தார். ஏழாவது முடிந்ததும் அக்கா முன்கதவுக்கு நேரே நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஜெபித்தார்.

"ஆண்டவரே, இது என்ன கட்டடம் எண்டு எனக்குத் தெரியாது. இதில யார் இருக்கினம் எண்டும் தெரியாது. இந்தப் புள்ள எங்களை ஏமாத்திப்போட்டுது. உம்மை ஏமாத்தேலாது. சுத்தினது சுத்தினதுதான். நீர் பாத்துச் செய்யும். ஆமென்."

இங்கருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் ஆமென் வரும்வரை மழையில் நின்றார். பிறகு, "நனைந்துவிட்டீர்கள். உள்ளே வாருங்கள், கோப்பி இருக்கிறது," என்றார்.

உபவாசம் முடிந்திருந்ததால் அமலன் அண்ணை நான்கு கறுவாப் பணிஸ் சாப்பிட்டார். வயலற் அக்கா கோப்பியைத் தொடவில்லை. இங்கர் என் எதிரே இருந்து, இதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஒரு பொய்யில் சற்றுமுன்தான் பிடிபட்டிருந்தேன். இன்னொன்றைத் தாங்கிக்கொள்ள என்னிடம் பலமில்லை.

"ஹொட்டல் அறைகளைச் சுத்தம் செய்தேன். பதினொரு வருடம்."

"விருந்தினர் வெளியேறிய அறைக்கு எவ்வளவு நேரம்?"

"இருபத்திரண்டு நிமிடம். தங்கியிருப்பவருடைய அறைக்குப் பன்னிரண்டு. குளியலறைக் கண்ணாடியில் நீர்த்தடம் இருந்தால் இன்னும் இரண்டு."

அவர் சிரித்தார். "என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு அறை ஒழுங்குபடுத்தும் அட்டவணை போடத் தெரியாது. எல்லா அறைக்கும் பத்து நிமிடம் என்று எழுதுவார்கள். இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை?"

நான் பணிஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஓகஸ்டில் எனக்கு ஒரு ஆள் வேண்டும். விளம்பரம் இன்னும் போடவில்லை. நாளைக்கு உங்கள் கல்லூரியின் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள்," என்றார் இங்கர். "சுற்றவேண்டாம். நேராக உள்ளே வாருங்கள்."

திரும்பிவந்து பிரெடெரிசியாவில் இறங்கும்போதுதான் வயலற் அக்கா கேட்டார். "யாரைப் பாத்து வெக்கப்பட்டாய் புள்ள? எங்களைப் பாத்தா, ஆண்டவரைப் பாத்தா?"

"எல்லாரையும் பாத்துத்தான் அக்கா."

கார்க்கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஒப்பந்தம் வியாழக்கிழமை கையெழுத்தானது. வெள்ளி காலை பத்து மணிக்குக் கல்லூரியில் கொடுத்தேன். அதில் ஒரு கேள்வி இருந்தது: இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? விளம்பரம், தெரிந்தவர்கள், நேரடி விண்ணப்பம், வேறு. "வேறு" என்ற பெட்டியில் முதல்நாள் இரவே வீட்டில் அடையாளமிட்டு ஜெபம் என்று டேனிஷில் எழுதினேன். ஷாரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை அழித்துவிடுங்கள், சிரிப்பார்கள்," என்று டேனிஷில் சொன்னாள். அழிக்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை.

அடுத்த திங்கட்கிழமை துறைமுகத்து ஹொட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நேர்முகத்துக்கு வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். நன்றி சொல்லி மறுத்து எழுதினேன்.

அமலன் அண்ணைக்கு அடக்கமுடியாத சிரிப்பு. "உன்ர பொய்யால கர்த்தருக்கு ரெண்டு விலாசத்துக்கும் பதில் அனுப்பவேண்டி வந்திட்டுது, பாத்தியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழப்பம்தான் கூடியது. நாங்கள் கேட்டது ஹொட்டலை. ஹொட்டலின் பதில் வந்தது, ஆனால் கெடு முடிந்தபிறகு. நேரத்துக்கு வந்த உதவி நாங்கள் கேட்காத இடத்திலிருந்து, நான் பொய்சொல்லிக் கூட்டிப்போன இடத்திலிருந்து வந்தது. அப்படியானால் என் பொய்யை அவர் பயன்படுத்தினாரா? அல்லது நான் உண்மையைச் சொன்ன அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தாரா? ஜெபிக்காமல் நடந்த எனக்காக மற்ற இருவரின் ஜெபம் கேட்கப்பட்டதா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சரிபோலத் தோன்றுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லலாம். அதன் உட்காரணம் எனக்குத் தெரியாது.

நடந்ததைக் குழுவில் சாட்சியாகச் சொல்லலாமா என்று வயலற் அக்காவிடம் கேட்டபோது, அவர் கோபம் தணிந்து என்னோடு மறுபடி சரியாகப் பேசத்தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. "சொல்லு," என்றார். "ஆனா பொய்யையும் சேத்துச் சொல்லு. அதை விட்டுப்போட்டுச் சொல்லுறதெண்டா என்ர வீட்டில சொல்லவேண்டாம்." அப்படியே சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஜூன் மாதம் இறுதித் தேர்வில் தேறினேன். இங்கரின் விடுதியிலேயே நிரந்தர வேலை. விருந்தினர் குழுக்களின் வருகை, அறை, உணவு எல்லாவற்றையும் ஒழுங்குசெய்வது என் பொறுப்பு. கோப்பியைக் கேட்டபின்தான் கொடுக்கிறேன், பெரும்பாலும். மட்டக்களப்பில் இருக்கும் என் தங்கையிடம் பதினொரு வருடமும் சுத்தம் செய்யும் வேலைதான் செய்தேன் என்று தொலைபேசியில் சொன்னேன். "தெரியும்கா," என்றாள். "படத்தில உன்ர கையைப் பாத்தா விளங்காதா?" இத்தனை வருடம் மறைத்ததில் வந்த களைப்பு மட்டும்தான் எனக்கு மிச்சமாயிருந்தது. அதையும் ஆண்டவர் எடுத்துப்போட்டார். அவருக்கு நன்றி சொல்கிறேன். மழையில் நடந்த அக்காவுக்கும் அண்ணைக்கும் நன்றி சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் சிலர், மனம் தெளிந்து விசுவாசம் உறுதியான பிறகுதான் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழப்பத்தோடு கேளுங்கள். வெட்கத்தோடு கேளுங்கள். பொய் சொல்லியிருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். தெளிவு வரட்டும் என்று நான் காத்திருந்திருந்தால், அந்த வெள்ளிக்கிழமை மதியம் கடந்துபோயிருக்கும்.