வாயை ஊதச் சொன்ன நாட்கள்

நேற்று மகளுக்கு எடுத்த கைத்தறிச் சேலையைப் பிரித்தேன். கஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. அவள் ஆசையாக முகர்ந்தாள். எனக்கோ அந்த வாசத்தில் செல்லூரின் தறிச் சந்து நினைவுக்கு வந்துவிடும்.

அந்தச் சந்துக்கு வேலையாகப் போய்வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். குடிநோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை. விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய், கக்கத்தில் ஃபைலோடு இறங்கும்போது ஏதோ கலெக்டரே வந்து இறங்குவதாக எனக்கு நினைப்பு. என் வேலைக்கு என்ன பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ‘டீச்சர்’ என்றார்கள். நானும் திருத்தவில்லை.

தறி நெய்யும் சோணைமுத்து அண்ணனுக்குக் குடி மட்டும் வியாதி இல்லை. காதுக்குள் ஆட்கள் பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் குடித்தார். அந்தக் குரல்கள் அடங்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். குடியை விடுவதற்காக முனியாண்டி கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னவள் நான். கட்டினவர்கள் குடிக்க மாட்டார்கள். சாமி மேல் அவ்வளவு பயம்.

வாரந்தோறும் போய், “ஊதுங்கண்ணே” என்பேன்.

“இம்புட்டு ஊதுனா நாயனக்காரனாவே ஆயிருவேன் போல, டீச்சர்.”

அவர் மனைவி பேச்சியம்மா சிரிப்பாள். சாராய வாடை இருக்காது. ‘நல்ல முன்னேற்றம்’ என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வேன். ஏழு வாரம் அப்படி எழுதினேன்.

எட்டாவது வாரம் தறியில் ஆள் இல்லை. பாவு நூல் முழுக்க அறுந்து கிடந்தது. நூலுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து ஏசுகிறான் என்று வெட்டிப் போட்டுவிட்டு, காலையில் ஓடிவிட்டாராம்.

“மாத்திரை போட்டாரா இல்லையா?” என்று கத்தினேன்.

பேச்சியம்மா டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். மாத்திரை அப்படியே இருந்தது.

“அதப் போட்டா குடிச்சவுக மாதிரியே கெறங்கிக் கெடக்காக, டீச்சர். கயித்தக் கட்டிக்கிட்டுக் கெறங்கிக் கெடந்தா சாமி குத்தமாயிராதா? நாந்தேன் வேணாம்னேன்.”

கயிறு கட்டச் சொன்ன நான், மாத்திரையை விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயை முகர்ந்தேனே தவிர, காதில் என்ன கேட்கிறது என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடினோம். திண்டுக்கல் ரோட்டில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறார் என்றார்கள். ஓடினோம். வேறு யாரோ. அண்ணன் வீடு திரும்பவே இல்லை.

“பாவி, நாந்தேன் கெடுத்தேன்” என்று, நான் போகும்போதெல்லாம் பேச்சியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ‘இல்ல மதினி, தப்பு என்னுது’ என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் போவேன். ஃபைலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அதைச் சொல்லிவிட மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அந்தச் சந்து இப்போது அகலமான ரோடாகிவிட்டது. அவள் வீடு இருந்த இடமே பிடிபடவில்லை. விசாரித்தேன். பேச்சியம்மா இறந்து பல வருஷம் ஆகிறதாம். கடைசிவரைக்கும் தன் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.