வைக்க மறந்த தோல்பட்டை

காலையில் கடையைக் கூட்டும்போது, தோல் சீவும் கல்லுக்கு அடியில் அந்தப் பட்டை கிடந்தது. விரல் அகலம், சாண் நீளம். கொடுவாளின் வளைவுக்குத் தகுந்தபடி நானே வெட்டியது. அதை உறைக்குள் வைத்துத் தைக்க மறந்திருந்தேன்.

உடுமலைப்பேட்டையில் செருப்பும் பெல்ட்டும் தைப்பது என் பிழைப்பு. தேங்காய் போடுகிறவர்கள் இடுப்பில் மாட்டும் கொடுவாள் உறையும் தைப்பேன். உறையின் இரண்டு தோலையும் சேர்க்கும் ஓரத்தில், நடுவே ஒரு பட்டை வைக்க வேண்டும். கொடுவாளின் கூர் அதன்மேல்தான் உட்காரும். பட்டை இல்லாவிட்டால் கூர் நேராகத் தையல் நூலில் படும். உருவ உருவ நூல் அறும்.

அந்த உறையைச் செய்யச் சொன்னது ஒரு மரமேறியின் மனைவி. கணவருக்குத் தெரியாமல் கொடுவாளைக் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் மயில், ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பின்னல், சுற்றிலும் பித்தளைக் குமிழ் வேண்டும் என்றார். மயில் தோகைக்கே எனக்கு இரண்டு நாள் ஆனது.

முந்தின நாள் அவர் வாங்க வந்தபோது ஓரம் தைத்து முடியவில்லை. எதிரிலேயே நின்று பார்த்தார். பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குக் கை ஓடாது. கொஞ்சம் பொறுத்து வாருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலை நிமிராமல் மடமடவென்று தைத்துக் கொடுத்துவிட்டேன். மயில் பறந்துவிடும் போலிருக்கிறது என்று அவர் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பட்டையைப் பார்த்ததும் அவருக்குப் போன் செய்தேன். கணவர் விடியும்போதே புது உறையைக் கட்டிக்கொண்டு, தாராபுரம் ரோட்டில் வாய்க்காலை ஒட்டிய தோப்புக்குப் போய்விட்டாராம். அவருடைய போன் சோற்றுப் பைக்குள் இருக்கும், எடுக்க மாட்டார் என்றார். என்ன விஷயம் என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பட்டையையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் போனேன். இரண்டு தோப்புகளில் ஆள் இல்லை. மூன்றாவதில், நெடுமரம் ஒன்றின் உச்சியில் அந்த மரமேறி இருந்தார். இடுப்பில் பித்தளைக் குமிழ்கள் வெயிலில் மின்னின. இறங்கும்முன் கொடுவாளை உறையில் செருகுவார். உடம்பை மடக்கி மடக்கி இறங்கும்போது உறை இடுப்பில் அழுந்தும்.

கூப்பிட்டால் திடுக்கிட்டுப் பிடியை விட்டுவிடுவாரோ என்று பயம். நான் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பழகியவனும் இல்லை. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன்.

காய் பொறுக்கிய பெண்களில் ஒருத்தி, "ஏனுங்ணா, மண்டைல காயி உழுகோணும்னு வேண்டுதலுங்களா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு அவர் கீழே பார்த்தார். பார்த்தபடியே கொடுவாளை இடுப்புக்குக் கொண்டுபோனார்.

"உறைல போடாதீங்க, கீழ எறிஞ்சுபோடுங்க" என்று கத்தினேன்.

அவர் கையை நிறுத்தினார். பிறகு பெண்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கொடுவாளை விட்டார். அது ஈர மண்ணில் செருகி நின்றது.

அவர் இறங்கியதும் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்பது தையல் அறுந்து தோல் வாய் பிளந்திருந்தது. வேட்டி மடிப்பும் அறுபட்டிருந்தது. அதற்குக் கீழே இடுப்பில் நாலு விரல் நீளத்துக்கு ரத்தக் கோடு.

"காலைல இருந்து எறும்பு கடிக்குதுன்னே நெனச்சுட்டிருந்தனுங்ணா" என்றார்.

எத்தனை மரம் ஏறினீர்கள் என்று கேட்டேன். பதினேழு என்றார்.

பட்டையை நீட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். பட்டையை வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊட்ல சொல்லிப்போடாதீங்ணா. அவ ஆசையா வாங்குனது."

கொடுவாளைச் சாக்குத் துணியில் சுற்றிக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பதினெட்டாவது மரத்துக்குப் போனார். நான் மரத்தடியில் உட்கார்ந்து அறுந்த நூலைப் பிடுங்கினேன். புது நூலைக் கோக்கப் பார்த்தேன். ஊசிக்காது அகப்படவே இல்லை. அண்ணாந்து பார்க்கவும் பயமாக இருந்தது.