சாயங்காலத்துக்கு வைத்த ஓட்டு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. வாழவந்திக்கு மேலே உள்ள எங்கள் மலைச் சிற்றூரில், ராகியும் காபியும் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, எழுபதுகளில் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அப்போதும் நல்ல சட்டை இரண்டுதான். பனியில் ஒன்று காயாவிட்டால் சென்னைப் பயணம் தள்ளிப்போகும், அம்மாவிடம் திட்டும் விழும்.

அன்று எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. நோயாளிகளைக் கம்பளியில் தூளி கட்டித்தான் தூக்கி வருவார்கள். பிரசவ வலி கண்ட என் அத்தையை அப்படித் தூக்கி வந்தபோது பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. அதன்பின் அப்பா சட்டமன்றத்தில் வாயைத் திறந்தாலே ரோடுதான். பாதி ரோடு போட்ட நிலையில் அடுத்த தேர்தல் வந்தது.

ஓட்டுப்பதிவு நாளன்று விடிந்ததும் ஊரே பக்கத்து ஊர்களான கரடியூருக்கும் மஞ்சக்குட்டைக்கும் கிளம்பிவிட்டது, அங்குள்ளவர்களை அவரவர் சாவடிக்கு அழைத்துப்போய் அப்பாவுக்கு ஓட்டுப் போட வைக்க. முதலில் உங்கள் ஓட்டைப் போடுங்கள் என்று அம்மா கெஞ்சினார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா, நம்மூர் ஓட்டு எங்கே போய்விடும், சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி நடந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. நனைந்து திரும்பியபோது எங்கள் ஊர்ச் சாவடியை மூடியிருந்தார்கள். அப்பா தோற்றார். தோற்ற வித்தியாசம் எங்கள் ஊர் ஓட்டைவிடக் குறைவு.

ஊரார் வெட்கப்பட்டு எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவோ வீடு வீடாகத் தாமே போய்க் காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். பிறகு, தம்மைத் தோற்கடித்தவரிடமே மனுவோடு கிளம்பினார். மானம் போகிறது என்று அம்மா வழிமறித்தார்.

"பதவிதான் போச்சு புள்ள. ரோடு வேணுமில்ல?" என்றார் அப்பா.

அந்தப் புதிய உறுப்பினர் மீதி ரோட்டைப் போட்டுக்கொடுத்தார். எண்பதுகளில் பஸ்ஸும் வந்தது.

போன வருடம் நோயில் விழுந்த அப்பாவைச் சேலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தம் காரையே அனுப்பியவரும் அவர்தான். அவருக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

அதே ரோட்டில்தான் அப்பாவை வேனில் ஊருக்குக் கொண்டுவந்தோம். கொட்டும் மழையில் ஊரே ரோட்டோரம் நின்றிருந்தது. பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அன்னைக்கு மழையில வந்து சேர முடியல. இன்னைக்கு ஒரு ஊடு பாக்கியில்லாம வந்துட்டோம் சாமி."

என் கோபம் அங்கேயே தீர்ந்தது. ஊரார் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.